வகுப்பில் 23 பேர்தான். இந்தக் கல்லூரியை நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 19. பல்கலைக்கழகத்தில் கேட்ட வணிகவியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. ஓராண்டை வீணாக்க வேண்டாம் என்று ஒரு சிறிய வணிகக் கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளமோவில் சேர்ந்தேன். மொத்தக் கல்லூரியும் ஒரே கட்டடம். என் வகுப்பில் 23 பேர். கணக்கியல், அலுவலக நிர்வாகம், வணிகக் கடிதம், கணினிக் கணக்குப்பதிவு என்று எல்லாமே வேலையை நோக்கிய பாடங்கள். ஆறு மாதம் முடிந்துவிட்டது. எங்கே படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "அது கல்லூரியா, டியூஷன் சென்டரா?" என்று பெரியப்பா கேட்டுவிட்டார். 92 சதவீதம் பேருக்கு வேலை கிடைப்பதாகக் கல்லூரியில் சொல்கிறார்கள். ஆனால் எனக்குப் படிப்பு பிடித்திருக்கிறது. கணக்கியல் ஆசிரியை அருமையாகச் சொல்லித்தருகிறார். போன வாரம் ஓர் இருப்பாய்வில் (எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய பட்டியலில்) 450 வித்தியாசம் வந்தது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை, தூக்கத்தில்கூட அதுதான் ஓடுகிறது. பிடித்ததில் மூழ்கிவிட்டு, எதற்கும் உதவாத சான்றிதழோடு வெளியே வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த 450. கல்லூரியின் பெயர், பெரியப்பாவின் கேள்வி, 92 சதவீதம் எல்லாவற்றுக்கும் வருகிறேன். நான் 24 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தவன். அதில் பாதிக் காலம் புதிதாக வருகிறவர்களை நேர்காணல் செய்து வேலைக்கு எடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், டாலி ஆகாத கணக்கு தூக்கத்திலும் விடாமல் துரத்துகிறது என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. வித்தியாசத்தை, காரணம் தெரியாத தொகைகளை ஒதுக்கி வைக்கும் அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். உங்களுக்கு இந்தத் தொழில் பொருந்துமா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

எனவே இப்போது விடாதீர்கள். முதலாண்டை முடியுங்கள். அதற்குள் சில விவரங்களை விசாரித்து, முடிந்தவரை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிடைக்கும் விடைகள் சரியாக இல்லையென்றால் தயங்காமல் வெளியே வாருங்கள். என்னென்ன விசாரிக்க வேண்டும், ஏன் என்று விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு நேர்காணலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு தாளைக் கையில் கொடுப்பது என் வழக்கம். அதில் ஓர் இருப்பாய்வு இருக்கும், கூடவே, ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாக எழுதி வைக்கும் பேரேட்டுப் பக்கங்களின் நகலும் இருக்கும். பற்றுக்கும் வரவுக்கும் 63 வித்தியாசம். ஒருநாள் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர் ஒருவரும், நான் அதுவரை கேள்விப்பட்டே இராத சிறு கல்லூரியில் படித்த பெண் ஒருவரும் அடுத்தடுத்து வந்தார்கள். இளைஞர், ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பற்று, வரவு என இரண்டு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவு முறையின் அடிப்படையை அழகாக விளக்கினார். பிறகு முதல் வரியில் தொடங்கி ஒவ்வொரு தொகையாகச் சரிபார்த்துக்கொண்டு போனார். நேரம் முடிந்தபோது பாதித் தாளில் இருந்தார்.

அந்தப் பெண் தாளை வாங்கியதும் ஓரத்தில் பென்சிலால் 63ஐ 2ஆல் வகுத்தார். ஒரு தொகை பக்கம் மாறி ஏறியிருந்தால் வித்தியாசம் அதன் இரு மடங்காக வரும். முழு எண் வரவில்லை. அடித்துவிட்டு 9ஆல் வகுத்தார். 7 வந்தது. அதன் பிறகு அவர் எதையும் கூட்டவே இல்லை. கடைசி இரண்டு இலக்கங்களுக்கு இடையே 7 வித்தியாசம் உள்ள தொகைகளை மட்டும் விரலால் தேடிக்கொண்டே இறங்கினார். பேரேட்டில் 2,481 என்று இருந்தது இருப்பாய்வில் 2,418 என்று ஏறியிருந்தது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும் என்பது கணக்கர்களின் பழைய வழி. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "வகுப்பில் 18 பேர்தான் இருந்தோம். தினமும் காலையில் ஆசிரியர் டாலி ஆகாத ஒரு தாளைக் கொடுப்பார். எல்லோரும் கண்டுபிடித்த பிறகுதான் பாடத்தைத் தொடங்குவார். 18 பேர் என்பதால் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளவும் முடியாது" என்றார்.

சிறிய கல்லூரியின் முழுப் பலமும் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. ஒளிந்துகொள்ள இடம் இல்லை. நூற்றுக்கணக்கானோர் அமரும் விரிவுரை அரங்கில், புரியாத ஒன்றைப் புரிந்ததுபோல் மூன்று ஆண்டுகள் கடத்திவிடலாம். 23 பேர் வகுப்பில் உங்கள் ஏட்டில் எந்த வரி தவறு என்பது ஆசிரியைக்கு அன்றே தெரிந்துவிடும்.

கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். அன்று இருவரையுமே வேலைக்கு எடுத்தேன். 9ஆல் வகுத்துத் தேடும் வழி அந்த இளைஞருக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. மூன்றாவது ஆண்டில் அந்தப் பெண்ணிடம், சரக்குப் போக்குவரத்துச் செலவு ஏன் இவ்வளவு ஏறியது என்று நிர்வாகத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். எண்கள் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் எழுத்தில் எண்களுக்கு மேல் எதுவும் இல்லை. எரிபொருள் விலை எவ்வளவு பங்கு, விற்பனையின் அளவு கூடியது எவ்வளவு பங்கு, காலியாகத் திரும்பும் லாரிகள் எவ்வளவு பங்கு என்று காரணங்களைப் பிரித்துச் சொல்ல அவருக்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை. அவர் படித்த இரண்டாண்டில் பொருளியல் இல்லை, புள்ளியியலும் இல்லை. பத்து வரிகளுக்கு மேல் அவர் எழுதியதெல்லாம் மாதிரிக் கடிதங்களின் நகல். அந்தக் குறையை நிரப்ப அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இரவெல்லாம் படித்தார். அவர் பட்ட சிரமத்தை அருகில் இருந்து பார்த்தவன் நான். உங்களுக்கு அது வர வேண்டாம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். வணிகக் கல்வியைத் தொடங்கிவைத்தவை பல்கலைக்கழகங்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் வணிகத்தைத் தனிப் படிப்பாக ஏற்றுக்கொண்டது மிகவும் பின்னால்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 1881இல்தான் வந்தது. ஹார்வர்டின் வணிகப் பள்ளி 1908இல். அதற்கு வெகு காலம் முன்பே, இத்தாலிய நகரங்களில் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் ஓர் ஆசிரியரை மட்டும் கொண்ட சிறு பள்ளிகளில் எண்ணும் கணக்கும் கற்றார்கள். வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை 1494இல் லூக்கா பச்சோலி தம் கணித நூலில் விளக்கி அச்சில் கொண்டுவந்தார். நீங்கள் இன்று பற்று, வரவு என்று கோடு போடுவது அந்த முறையில்தான். அந்த முறை விரிவுரை அரங்கில் பிறந்தது அன்று, வணிகர்களின் கல்லாவுக்குப் பக்கத்தில் உருவானது.

1855இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஓர் இளைஞர் ஃபோல்சம் வணிகக் கல்லூரியில் பத்து வாரக் கணக்குப்பதிவுப் படிப்பை முடித்தார். பிறகு ஆறு வாரம் நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கி, செப்டம்பர் 26ஆம் தேதி ஒரு வணிக நிறுவனத்தில் உதவிக் கணக்கராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 16 வயது. வேலை கிடைத்த அந்த நாளை வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் கொண்டாடினார். பின்னாளில் அமெரிக்காவின் பெரும் எண்ணெய் அதிபரான ஜான் டி. ராக்பெல்லர்தான் அவர். பிற்காலத்தில் அவர் எண்ணெய் வணிகத்தை நடத்திய முறை எனக்கு உவப்பானது அன்று. அவருடைய நிறுவனத்தை 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைக்கச் சொன்னது சரியே என்பவன் நான். ஆனால் ஒவ்வொரு பில்லையும் வரிக்கு வரி படித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அந்தக் கணக்கர் மேசையில்தான் வந்தது. அவரை அந்த மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பத்து வாரப் படிப்பு.

பெண்கள் அலுவலகத்துக்குள் வந்த வழியும் பெருமளவு இதுதான். ரெமிங்டன் நிறுவனம் 1870களில் தட்டச்சுப் பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்பித்த குறுகிய காலப் படிப்புகளை முடித்த பெண்கள், அதுவரை ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த மேசைகளுக்கு வந்தார்கள். உங்களைப் போன்ற இளம்பெண்களை முதலில் நம்பியவை யாரும் பெயர் அறியாத இந்தப் பள்ளிகள். அவற்றின் வழியில் வந்த கல்லூரியின் பெயரைச் சொல்ல நீங்கள் கூச வேண்டிய அவசியமே இல்லை.

சுருக்கெழுத்து என்றதும் எனக்கு ஓர் எச்சரிக்கை நினைவுக்கு வருகிறது. ஐசக் பிட்மன் தம் முறையை வெளியிட்டது 1837இல். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அலுவலக வேலைக்கு அது ஒரு திறவுகோலாக இருந்தது. பிறகு அந்தத் தேவையே பெரும்பாலான அலுவலகங்களில் இல்லாமல் போயிற்று. சுருக்கெழுத்து மட்டும் கற்றவர்கள் திகைத்து நின்றார்கள். அதோடு கடிதத்தைத் தாங்களே வரையவும், கோப்பைப் படித்து விஷயத்தைப் பிடிக்கவும் கற்றவர்கள் நிர்வாக அலுவலர்களாக உயர்ந்தார்கள். கணக்கிலும் இதே கதைதான். 1979இல் தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) மென்பொருளான விசிகால்க் வந்ததும், நாள் முழுக்கக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த வேலை நிமிடங்களில் முடிந்தது. கூட்டல் மட்டும் தெரிந்தவர்களை அது வெளியே தள்ளியது. எந்தத் தொகை எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு அது கையில் கிடைத்த நல்ல கருவி ஆயிற்று.

வேலையை நோக்கிய படிப்பின் ஆபத்து இது. இன்றைய அலுவலகத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை பத்து ஆண்டுகளில் சிறிதாகிவிடும். ஆகவே உங்கள் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் கேளுங்கள்: நீ சுருக்கெழுத்தா, பேரேடா? குறிப்பிட்ட மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது சுருக்கெழுத்து. அந்தப் பொத்தானை அழுத்தும்போது எந்தெந்தக் கணக்குகள் மாறுகின்றன என்பது பேரேடு. இரண்டும் வேண்டும். முதலாவது இல்லாமல் வேலை கிடைக்காது, இரண்டாவது இல்லாமல் வேலை நிலைக்காது. முதலாவதுதான் அதிகமாக இருக்கிறது என்று தெரிந்தால், கணினியில் செய்யும் ஒவ்வொரு பயிற்சியையும் ஒருமுறை தாளில் கையால் செய்து பாருங்கள். உங்கள் ஆசிரியை மகிழ்ச்சியோடு திருத்தித் தருவார் என்றே நினைக்கிறேன்.

இனி அந்த 92 சதவீதம். நீங்கள் கணக்கியல் மாணவி. எந்தச் சதவீதத்தைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, எதை எதால் வகுத்தார்கள் என்பது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு கல்லூரியில் 60 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 38 பேர் படிப்பை முடிக்கிறார்கள். முடித்தவர்களில் 25 பேர் வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் கொடுக்கிறார்கள். 23 பேருக்கு வேலை கிடைக்கிறது. 23ஐ 25ஆல் வகுத்தால் 92 சதவீதம். விளம்பரத்தில் பொய் இல்லை. ஆனால் சேர்ந்த 60 பேரால் வகுத்தால் 38 சதவீதம்தான். அந்த 23 பேரில் எத்தனை பேர் படித்த துறையில் இருக்கிறார்கள், ஆறு மாதம் கழித்தும் அதே வேலையில் இருக்கிறார்களா என்று கேட்டால் எண் இன்னும் இறங்கலாம்.

இது வெறும் சந்தேகம் இல்லை, நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கொரிந்தியன் காலேஜஸ் என்ற இலாபநோக்குக் குழுமம் நூற்றுக்கும் மேற்பட்ட வளாகங்களை நடத்தியது. வேலைவாய்ப்பு எண்ணிக்கையை ஊதிக் காட்டி மாணவர்களைச் சேர்த்ததாக அரசு அமைப்புகள் அதன்மேல் வழக்குத் தொடர்ந்தன. ஒரே ஒரு நாள் நீடித்த வேலையைக்கூட வேலை கிடைத்ததாகக் கணக்கில் சேர்த்ததாக 2014ஆம் ஆண்டு வழக்கு ஒன்று குற்றம் சாட்டியது. 2015 ஏப்ரலில் மீதமிருந்த வளாகங்கள் திடீரென்று மூடப்பட்டன. ஏறத்தாழ 16,000 மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள், பலர் தலையில் கல்விக் கடனோடு. அது பெரிய நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். விளம்பரமும் பெரியது, பெயரும் தெரிந்தது. பெரிது சிறிது என்பதை வைத்து நம்பிக்கையை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

உங்கள் கல்லூரி அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். போன ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் எந்த வகை வேலையில் இருக்கிறார்கள்? பணிவாகக் கேளுங்கள், ஆனால் எண்ணாகவே கேளுங்கள். 23 பேர் வகுப்பு நடத்துகிற கல்லூரிக்குப் பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வது பெரிய வேலை இல்லை. "எல்லோருக்கும் நல்ல வேலை கிடைத்திருக்கிறது" என்று பேச்சை மாற்றினால், அதுவும் ஒரு விடைதான். கூடவே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்த மூன்று பேரையாவது நீங்களே தேடிப்பிடித்துப் பேசுங்கள். கல்லூரி அறிமுகப்படுத்துகிறவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம்: அங்கீகாரம். உங்கள் டிப்ளமோவை யார் ஏற்றுக்கொள்கிறார்கள்? இந்தக் கேள்வியை உங்கள் கல்லூரியிடம் கேட்டுப் பயன் இல்லை. பின்னால் நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். இந்த டிப்ளமோவோடு வந்தால் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ப்பீர்களா, எந்தெந்தப் பாடங்களுக்கு விலக்கு உண்டு என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழி உறுதி வேண்டாம். கணக்கியலில் பல்கலைக்கழகம் ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. 1904இல் லண்டனில் தொடங்கிய ஏசிசிஏ போன்ற தொழில்முறை அமைப்புகளில் பட்டம் இல்லாதவர்களும் அடிப்படை நிலைத் தேர்வுகளில் தொடங்கிப் படிப்படியாக மேலே போக முடியும். அங்கேயும் உங்கள் டிப்ளமோவின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். மேலே போக ஒரு கதவாவது திறந்திருக்கிறது என்று எழுத்தில் தெரிந்துவிட்டால் உங்கள் பயத்தில் பெரும்பகுதி போய்விடும். எல்லாக் கதவும் மூடியிருந்தால் முதலாண்டு முடிந்ததும் வெளியே வாருங்கள். அப்போது நான் தடுக்க மாட்டேன். கற்ற கணக்கியல் உங்களோடுதான் வரும்.

வெளியே வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சிறிய கல்லூரியில் ஒரு நல்ல ஆசிரியர் போய்விட்டால் பாதிக் கல்லூரியே போனதுபோல் ஆகிவிடும். உங்கள் கணக்கியல் ஆசிரியை அடுத்த ஆண்டும் இருப்பாரா, இரண்டாம் ஆண்டுப் பாடங்களை யார் நடத்துவார் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து நீங்கள் தொடர்ந்தால், அந்த ஆசிரியையை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பரிந்துரைக் கடிதங்கள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். "கடின உழைப்பாளி, நல்லொழுக்கம் உள்ளவர்" என்று எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். ஒருமுறை சிறு கல்லூரி ஆசிரியர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "இவர் தேய்மானக் கணக்கில் தொடர்ந்து மூன்று வாரம் தவறு செய்தார். நான்காவது வாரம் தன் தவறு எங்கே என்று தானே கண்டுபிடித்து வகுப்புக்கு விளக்கினார்." அந்தக் கடிதத்தைப் படித்ததும் அவரை அழைத்தேன். உங்களைப் பற்றி அப்படி எழுதக்கூடிய ஒருவர் உங்களுக்கு வாய்த்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் போய்க் கேளுங்கள், தவறைக் காட்டுங்கள், கூடுதல் தாள் கேளுங்கள்.

பயிற்சிப் பணிக்கு இடம் தேடும்போது பெரிய நிறுவனத்தின் பெயருக்கு மயங்க வேண்டாம். அங்கே மூன்று மாதமும் வவுச்சருக்கு எண் போடும் வேலை ஒன்றே கிடைக்கலாம். ஐந்தாறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில், ஓர் ஆர்டர் வருவதிலிருந்து இன்வாய்ஸ் போய், பணம் வந்து, வங்கி அறிக்கையோடு ரொக்க ஏட்டைச் சரிகட்டி, மாதக் கணக்கை முடிப்பது வரை ஒரு முழுச் சுற்றைப் பார்க்கலாம். ஒரு மாத முடிவையாவது முழுமையாகப் பார்க்காமல் வெளியே வராதீர்கள்.

உங்கள் 23 பேரையும் மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் பொகீப்ஸி நகரில் 1859இல் தொடங்கிய ஈஸ்ட்மன் வணிகக் கல்லூரியில் மாணவர்களே வங்கியும் கடையும் நடத்திப் பழகினார்கள். அதற்கென்று கல்லூரியே பயிற்சி நோட்டுகளை அச்சிட்டுக் கொடுத்தது. ஒருவர் விற்க, ஒருவர் வாங்க, ஒருவர் வங்கிக் காசாளராக உட்கார, ஒவ்வொருவரின் ஏடும் மற்றவர் ஏட்டோடு பொருந்த வேண்டும். 23 பேர் இதற்கு மிகச் சரியான அளவு. வாரத்தில் ஒரு மதியம் போதும். நீங்களே ஆசிரியையிடம் சொல்லித் தொடங்கலாம். எதிராளியின் ஏட்டில் நீங்கள் கடனாளி, உங்கள் ஏட்டில் அவர் கடனீந்தவர் என்பது அப்போது புத்தகத்தில் படித்ததைவிட ஆழமாகப் பதியும்.

கல்லூரி தராததை நீங்கள் தேடிக்கொள்ள வேண்டும். பொருளியலிலும் புள்ளியியலிலும் ஒவ்வோர் அறிமுக நூலை நூலகத்தில் எடுத்துக் கோடையில் முடியுங்கள். வாரம் ஒருநாள் செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் ஓர் எண்ணை எடுத்து, அது ஏன் ஏறியது அல்லது இறங்கியது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அது நன்றாக இல்லாவிட்டால் பரவாயில்லை. ஐம்பது பக்கம் எழுதிய பிறகு முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.

பெரியப்பாவிடம் கோபம் வேண்டாம். உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டிருப்பார். அடுத்தமுறை யார் கேட்டாலும் கல்லூரியின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதே மூச்சில், "அங்கே கணக்கியல் படிக்கிறேன், இந்த மாதம் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடக் கற்றுக்கொண்டேன்" என்று அடுத்த வாக்கியத்தையும் சொல்லுங்கள். பெயரோடு நிறுத்தினால்தான் அடுத்த கேள்வி பெயரைப் பற்றி வரும்.

கடைசியாக அந்த 450. முதலில் அதில் பாதியான 225 என்ற தொகை உங்கள் இருப்பாய்வில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பற்றில் வர வேண்டியது வரவில் ஏறியிருக்கலாம், அல்லது வரவில் வர வேண்டியது பற்றில். அப்படி இல்லையென்றால் 450 என்ற தொகையே விட்டுப்போயிருக்கிறதா என்று பேரேட்டில் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் 9ஆல் வகுங்கள். 50 வருகிறது. அப்படியானால் நூறின் இடத்திலும் பத்தின் இடத்திலும் உள்ள இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். அவற்றுக்கு இடையே 5 வித்தியாசம் இருக்கும், 1,720 என்பது 1,270 ஆனதுபோல. அதிலும் கிடைக்காவிட்டால் ஒரு பூஜ்யம் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். 500ஐ 50 என்று எழுதினாலும் 450தான் குறையும். இந்த வரிசையில் தேடுங்கள். எந்த ஏட்டில், எந்த வரியில் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். கல்லூரி அலுவலகம் தந்த எண்களையும் அதே கடிதத்தில் அனுப்புங்கள், இருவரும் சேர்ந்து வகுத்துப் பார்ப்போம்.